இல்லாத தூசி

தையல்காரி, தைத்து முடித்த துணியை மடித்து உடனே கொடுத்துவிட மாட்டாள். வாசலுக்கு எடுத்துப் போய் மூன்று தரம் உதறுவாள். உள்ளே கொண்டுவந்து விரித்துப் பார்ப்பாள். பார்த்த பிறகு இன்னொரு தரம் உதறுவாள்.

“சட்டையை உதறுறியா, சட்டைக்காரனை உதறுறியா?” என்று எதிர்க் கடைக்காரர் கேலி பேசுவார். அவர் பேசலாம். அவர் விற்பதெல்லாம் மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது.

அந்தத் தெருவில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் முப்பது வீடுகள். வீடுகளின் முதுகுப் பக்கம் ஒரு நீளச் சுவர், சுவருக்கு அப்பால் சாம்பல் செங்கல் ஆலை. செங்கல்லுக்கென்று லாரி லாரியாக வந்து இறங்கும் சாம்பல், ஆலை முற்றத்தில் கூரை இல்லாமல் குவிந்து கிடக்கும். காற்று கொஞ்சம் எழும்பினால் போதும், சுவரேறிக் குதித்து வீட்டுக்குள் வந்துவிடும். மழை இல்லாத மாதங்களில் பாயைத் தட்டினால் சாம்பல், பானையைக் கவிழ்த்து வைத்தால் அதன் முதுகில் சாம்பல், தூங்கி எழுந்தால் இமையில் சாம்பல்.

தையல்காரிக்கு ஏழு வயதில் ஒரே பெண். தெருவே அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடும். குட்டிக்கு மூச்சு இழுக்கும். இழுக்கும்போது கழுத்துக்குக் கீழே இருக்கும் சின்னக் குழி உள்ளே போய்ப் போய் வரும். அதைப் பார்க்கிற தாய்க்குத் தன் மூச்சு நின்றுவிடும். மருத்துவர் வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். “தூசி இல்லாத இடத்துல வெச்சுக்கோங்க” என்றும் சொன்னார். சொல்வதற்கு என்ன, வாய்தானே. வீட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டா போக முடியும்? கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாரும் இந்தத் தெருக்காரர்கள். பக்கத்து வீட்டில் நாத்தனார் இருக்கிறாள், ஆத்திர அவசரத்துக்குக் குட்டியைப் பார்த்துக்கொள்வாள். இதையெல்லாம் விட்டு எங்கே போவது?

அப்படி இருக்கும்போதுதான் ஆய்வு மையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இளவயது, கண்ணாடி, எந்நேரமும் மார்போடு காகிதம் செருகிய ஒரு அட்டை. இரண்டாம் நாளே அவளுக்கு அட்டை மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. ஆலைத் தூசி வீடுகளுக்குள் எவ்வளவு வருகிறது என்று அளக்க வந்திருந்தாள். அறிக்கை, ஆலைக்கு உரிமம் கொடுக்கிற அலுவலகத்துக்குப் போகும். அளவு மீறினால் ஆலைக்காரர்கள் குவியலுக்குக் கூரை போட்டே ஆகவேண்டும். கூரை என்ற சொல்லைக் கேட்ட நிமிடமே தையல்காரி மற்றதையெல்லாம் விட்டுவிட்டாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடக் கூடத்தில் முதல் கூட்டம். அட்டை மேடம் எழுந்து நின்றாள்.

“இது எங்க ஆய்வு இல்ல. உங்க ஆய்வு. தெருக்காரங்க, ஆலைக்காரங்க, நாங்க, எல்லாரும் இதுல பங்குதாரர்.”

முன் வரிசையில் ஆலை மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் பின்னாலிருந்து கேட்டார்: “மேனேஜர் சாரும் நாங்களும் பங்குதாரரா மேடம்? அப்போ இத்தனை நாள் நாங்க மட்டும் ஏன் தூசியைத் தின்னுக்கிட்டிருக்கோம்?”

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். பொறுமையான மனிதர்.

தெருமுனைக் கம்பத்தில் ஒரு கருவியை மாட்டி அளப்பதாக அட்டை மேடத்தின் திட்டம். தையல்காரிக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

“மேடம், கம்பத்துல நாங்க குடியிருக்கல. வீட்டுக்குள்ள பாருங்க. ஒரு வெள்ளைத் தட்டை அலமாரி மேல வெச்சுட்டு ஒரு மாசம் தொடாம இருந்தா, என்ன விழுதுன்னு அதுவே சொல்லும்.”

அட்டை மேடத்தின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. “இதுதான் வேணும். இதைத்தான் நான் தேடி வந்தேன்” என்றாள். அன்றைக்கே தையல்காரியைத் தெருவின் சக ஆய்வாளர் என்று எழுதிக்கொண்டாள். அளவு எடுக்க எல்லா வீட்டுக்குள்ளும் போய் வருகிறவள் அவள்தானே.

பன்னிரண்டு வீடுகள் தேர்வாயின, தையல்காரி வீடும் நாத்தனார் வீடும் சேர்த்து. வீட்டுக்கு ஒரு வெள்ளைத் தட்டு, மூடியோடு. மூடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத் தட்டை முப்பது நாள் அப்படியே விடவேண்டும். முப்பதாம் நாள் அந்தந்த வீட்டுக்காரியே மூடி, ஒட்டுநாடா சுற்றி, தையல்காரியிடம் கொடுக்கவேண்டும். வேறொருவர் கை படக்கூடாது என்பதில் அட்டை மேடம் கண்டிப்பாக இருந்தாள். “அது அவங்க தட்டு, அவங்க ஆதாரம். நாம திறந்து பாக்குறது மரியாதை இல்லக்கா.” கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் தையல்காரி ஒரு காரியம் செய்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள், அதை மறந்துவிடாதீர்கள். மறுநாள் வீடு பூட்டிக் கிடக்கக்கூடாதே என்று மற்ற பதினோரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

“நாளைக்குக் காலைல மையத்துலேர்ந்து மூணு பேர் வர்றாங்க. தட்டை வாங்குறப்போ கூட வருவாங்க. வீட்டுக்குள்ளயும் வருவாங்க. எங்கயும் போயிடாதீங்க.”

அன்று சாயங்காலம் தெரு முழுக்கத் துடைப்பச் சத்தம். வாளி கழுவுகிற சத்தம், ஜன்னல் கம்பியைத் தேய்க்கிற சத்தம். வாசல்களில் தண்ணீர் ஓடியது. தையல்காரி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். தெருவே ஒரு காரியத்துக்காகச் சேர்ந்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பன்னிரண்டு தட்டுகளும் மூடி, நாடா சுற்றி, பைக்குள் வந்து சேர்ந்தன.

மூன்று வாரம் கழித்து, இறுதிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, அட்டை மேடம் தையல்காரியின் வீட்டுக்கு வந்தாள். சக ஆய்வாளர் அறிக்கையை முதலில் பார்க்கவேண்டும் என்பது அவள் வைத்த முறை. தையல் மிஷின் மேல் காகிதத்தை வைத்தாள். குரலில் சுரத்து இல்லை.

“பதினோரு வீட்டுத் தட்டுல ஒண்ணுமே இல்லக்கா. எடை காட்டவே இல்ல.”

“ஒண்ணுமே இல்லன்னா?”

“சுத்தமா இருந்துச்சு. ஒரே ஒரு வீட்டுலதான் தூசி. அதுவும் நிறைய.”

“எந்த வீடு?”

அட்டை மேடம் காகிதத்தில் ஒரு வரியைக் காட்டினாள். தையல்காரி எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு வீட்டில் மட்டும் காணப்பட்ட கூடுதல் தூசி, அங்கே நடைபெறும் தையல் தொழிலில் உதிரும் பஞ்சுத் துகளாக இருக்கலாம்.

இன்னொரு முறை படித்தாள். குட்டி மூலையில் உட்கார்ந்து துணி வெட்டில் மிஞ்சிய துண்டுகளை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“மேடம், பஞ்சுக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாதா?”

“எடை மட்டும்தான் எடுத்தாங்கக்கா. எடுத்துட்டுத் தட்டைக் கழுவி வெச்சுட்டாங்க.”

“மறுபடி வெச்சுப் பாப்போம்.”

“காலக்கெடு முடிஞ்சுடுச்சு. இந்த வாரம் அறிக்கை போயே ஆகணும்.” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அக்கா, அந்த முப்பது நாள்ல ஏதாவது நடந்துச்சா? உங்களுக்குத் தெரிஞ்சு?”

கண்ணாடியைத் துடைத்த அந்தக் கையையே தையல்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பச் சத்தம். வாளிச் சத்தம். நாளைக்கு வர்றாங்க, வீட்டுக்குள்ளயும் வருவாங்க. சொன்னது யார்?

“கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்” என்றாள்.

நாத்தனார் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். பாத்திரங்கள் அளவு வாரியாக நிற்கும். அவள் கையில் ஒரு ஈரத்துணி இருந்துகொண்டே இருக்கும். பேசும்போதும் எதையாவது துடைத்துக்கொண்டேதான் பேசுவாள்.

“அண்ணி, அந்த வெள்ளைத் தட்டு.”

“அதான் மூடிக் கொடுத்தேனே.”

“மூடறதுக்கு முன்னாடி துடைச்சீங்களா?”

துணி ஒரு நொடி நின்றது. பிறகு முன்பைவிட வேகமாக ஓடியது. “யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. பதினோரு தட்டு பளபளன்னு இருக்காம்.”

நாத்தனார் துணியைப் பிழிந்தாள். தண்ணீரே வராத துணியைப் பிழிந்தாள். “பின்னே என்ன பண்ணச் சொல்றே? படிச்சவங்க மூணு பேர் வீட்டுக்குள்ள வர்றாங்க. அலமாரி மேல விரல்கடை அழுக்கை வெச்சுக்கிட்டு நிக்கணுமா? இந்த வீட்டுப் பொம்பளை எப்படிப்பட்டவன்னு எழுதிக்கிட்டுப் போறதுக்கா?”

“அது அழுக்கு இல்ல அண்ணி. அதுதான் கணக்கு.”

“என் வீட்டுல இருந்தா அது அழுக்குதான்.”

தையல்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனாரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“மூணாவது வீட்டுக்காரி சோப்பே போட்டுக் கழுவினா. நானாவது ஈரத்துணியோட நிறுத்திக்கிட்டேன். நீ துடைக்கலையா?”

“இல்ல.”

“அதானே. உனக்கு எப்பவும் வீட்டைப் பத்தி ஒரு அக்கறை கிடையாது.”

வேறு நாளாக இருந்தால் தையல்காரி சிரித்திருப்பாள்.

“கூட்டத்துல சொல்லிடுங்க அண்ணி. நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும், மத்தவங்களும் சொல்லிடுவாங்க. குட்டிக்காக.”

நாத்தனாரின் கணவர் அந்த ஆலையில்தான் லாரியில் செங்கல் ஏற்றுகிறார். ஒவ்வொரு நாளும் காலையில் வாசலில் நிற்கவேண்டும். மேனேஜர் கை காட்டுகிற ஆள் மட்டும் உள்ளே போகலாம். பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீட்டு ஆண்களுக்கு இதுதான் பிழைப்பு. இரண்டு பெண்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே அது நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

“ஏமாத்திட்டோம்னு சொல்லுவாங்க” என்றாள் நாத்தனார் கடைசியில். “ஆய்வையே கெடுத்தவங்கன்னு சொல்லுவாங்க. நீ என் பேரை அங்க எடுத்தே, அப்புறம் இந்த வீட்டுப் படி மிதிக்காதே.”

மூன்றாம் வீட்டுக்காரி, “நான் தொடவே இல்லையே” என்றாள், கையில் சோப்பு நுரையோடு. ஏழாம் வீட்டுக்காரி கதவைப் பாதிதான் திறந்தாள். ஒன்பதாம் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. மற்ற வீடுகளுக்கு அவள் போகவில்லை. போய் என்ன கேட்பது? அவர்களைத் துடைக்கச் சொன்னதே அவள்தான். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கூட்டத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் மேலே இல்லை என்று காட்டுவதற்காக. பன்னிரண்டு வீட்டுப் பெண்கள், கடைக்காரர், அட்டை மேடம், மேனேஜர். வட்டம் என்பதால் எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிந்தது. மேனேஜருக்கும் தெரிந்தது.

அட்டை மேடம் அறிக்கையைப் படித்தாள். பஞ்சுத் துகள் வரி வந்தபோது பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும், முதல் கையெழுத்து சக ஆய்வாளருடையது. காகிதமும் பேனாவும் தையல்காரியின் மடிக்கு வந்தன.

அவள் பேனாவைத் திறக்கவில்லை.

“தட்டையெல்லாம் துடைச்சுட்டோம்” என்றாள்.

அட்டை மேடம் நிமிர்ந்தாள். “என்னக்கா?”

“ஆள் வர்றாங்கன்னா நாங்க வீட்டைத் துடைப்போம். ஆள் வர்றாங்கன்னு முதல் நாள் போய்ச் சொன்னது நான். தப்பு என்னோடது. மத்தவங்க மேல ஒண்ணும் இல்ல.”

மேனேஜர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். கோபமே இல்லாத குரல்.

“நானும் இதுல பங்குதாரர்தானே மேடம்? ஒரு கேள்வி கேக்கலாமா?”

“கேக்கலாம் சார்” என்றாள் அட்டை மேடம். எல்லாரும் கேட்கலாம் என்பதும் அவள் வைத்த முறைதான்.

மேனேஜர் மூன்றாம் வீட்டுக்காரியைப் பார்த்தார். “அம்மா, நீங்க துடைச்சீங்களா?”

“இல்லீங்க.”

“நீங்கம்மா?”

“இல்ல சார்.”

ஒவ்வொருவரிடமாக வந்தார். சந்தைக்குப் போனால் காய் விலை கேட்பதுபோல் அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. நாத்தனார் முறை வந்தது. அவள் கையில் துணி இல்லை. வெறும் கை புடவைத் தலைப்பைப் பிடித்து, நாற்காலியின் பிடியை மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தது. தையல்காரி அந்தக் கையை மட்டும் பார்த்தாள்.

“உங்க வீட்டுக்காரர் நம்மகிட்டதானேம்மா வேலை பாக்குறார்? நல்ல மனுஷன். நீங்க துடைச்சீங்களா?”

“இல்ல” என்றாள் நாத்தனார்.

மேனேஜர் கைகளை விரித்தார். “சக ஆய்வாளர் வருத்தம் எனக்குப் புரியுது. குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். அறிக்கை எப்படியோ இருக்கட்டும். ஆலை சார்பா நல்லெண்ணத்துல ஒண்ணு செய்யறோம். தினமும் காலைல ஒரு டேங்கர் தண்ணி அந்தக் குவியல் மேல அடிக்கிறோம். எல்லாரும் ஒத்துமையா கையெழுத்துப் போட்டு முடிச்சா மேலிடத்துல நான் கேட்டு வாங்கிடுவேன். பிரச்சனையோட முடிஞ்சா நான் எந்த முகத்தோட கேக்குறது?”

“இல்லாத தூசிக்கு எதுக்குங்க தண்ணி?” என்றார் கடைக்காரர்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் மட்டும் சிரித்தார்.

தையல்காரி காகிதத்தைப் பார்த்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று அட்டை மேடத்திடம் கேட்டாள். ஒரு பங்குதாரர் உடன்படவில்லை என்று அடியில் ஒரு வரி வரும் என்று பதில் கிடைத்தது. அந்த வரியைப் பார்த்துக் கூரை போடுவார்களா? அட்டை மேடம் மடியிலிருந்த அட்டையைத் திருப்பி வைத்தாள்.

ஆக, கூரை இல்லை. கையெழுத்துப் போட்டாலும் இல்லை, போடாவிட்டாலும் இல்லை. போட்டால் தண்ணீர் உண்டு. ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? வெயில் ஏறுகிற வரை நிற்கும். குட்டி எழுந்து, பல் விளக்கி, பள்ளிக்கூடம் போய்ச் சேர்கிற நேரம் வரை நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவள் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தன் மகள் நெஞ்சில் இருப்பது தன் மிஷினிலிருந்து உதிர்ந்தது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கவேண்டும்.

பேனாவைத் திறந்தாள். மற்றவர்கள் கிறுக்குகிற இடத்தில் அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தைப்பதுபோல் எழுதினாள். காகிதம் வட்டத்தில் சுற்றியது. எல்லாரும் சீக்கிரம் சீக்கிரமாகப் போட்டார்கள். நாத்தனாருக்கு எழுதத் தெரியும், நன்றாகவே தெரியும். அவள் மட்டும் இரண்டு முறை தப்பாக ஆரம்பித்தாள்.

வெளியே வரும்போது அட்டை மேடம் வாசலில் மறித்தாள். மார்போடு அந்த அட்டை.

“அக்கா, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நிஜமாவே துடைச்சாங்களா?”

“அதான் உள்ள சொன்னேனே மேடம்.”

“அப்புறம் ஏன் யாருமே…”

“அவரையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுக் கேட்டீங்களே.”

“எல்லாரும் சேர்ந்து செய்யணும்னுதான் அக்கா அப்படி…”

“தெரியும் மேடம்” என்றாள் தையல்காரி. அந்தப் பெண் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இவளுக்கும் மேலே யாரோ இருப்பார்கள், இவளும் எங்கோ போய்க் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகவேண்டும். “நீங்க கிளம்புங்க. பஸ்ஸு போயிடப் போகுது.”

டேங்கர் மறுநாள் காலையே வந்தது. சொன்னால் சொன்னபடி. குவியல் கறுத்து, படிந்து, சாதுவாக நின்றது. குட்டி அன்று இருமாமல் பள்ளிக்கூடம் போனாள். பதினோரு மணிக்குத் தையல்காரி ஜன்னல் வழியே பார்த்தபோது, குவியலின் உச்சி மறுபடி வெளுக்க ஆரம்பித்திருந்தது. மத்தியானம் காற்று வந்தது. சாயங்காலம் வீடு திரும்பிய குட்டிக்கு அந்தக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் நாத்தனார் வந்தாள். கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவை. வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். எதையும் துடைக்கவில்லை. நேராக மூலைக்குப் போய்க் குட்டியின் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“என் உள்ரூமுக்கு ஜன்னல் கிடையாது” என்றாள், தையல்காரியைப் பார்க்காமல். “கதவுக்கு ஈரத்துணி போட்டிருக்கேன். இவ அங்க படுக்கட்டும்.”

தையல்காரி மிஷினை நிறுத்தினாள்.

“எத்தனை நாளைக்கு அத்தை?” என்று குட்டி கேட்டாள்.

“மழை வர்ற வரைக்கும்.”

“அங்க இருட்டா இருக்குமே.”

“லைட்டு போட்டுக்கலாம். மருந்தை எடுத்துக்கோ.”

குட்டி மருந்தை எடுத்துக்கொண்டாள். வாசல் தாண்டும்போது திரும்பி அம்மாவைப் பார்த்தாள். தையல்காரி போ என்று தலையசைத்தாள். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பக்கத்து வீட்டில் முன்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு உள்கதவு. பிறகு கதவின் அடியில் துணியைத் திணிக்கிற சத்தம். நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் குட்டி இருமினாள். நாத்தனார் ஏதோ சொல்வதும் முதுகைத் தட்டுவதும் கேட்டது. இருமல் நிற்கவில்லை. “அம்மா” என்று ஒரு குரல் வந்தது.

தையல்காரி எழுந்து வாசல் வரை போனாள். அங்கேயே நின்றாள். வெளியே காற்று இருந்தது. அவள் போய்த் தட்டினால் நாத்தனார் கதவைத் திறப்பாள். திறந்தால் தூசி உள்ளே போகும்.